லவ்லியான உருக்காலை

ஒருவர் பெரிய உருக்காலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வருகிறார். 'வாட் எ டெரிஃபிக் ஸ்டீல் மில்' என்கிறார். யாரும் எதுவும் நினைக்கப் போவதில்லை. அதே ஆள் 'டெரிஃபிக்' இருந்த இடத்தில் 'லவ்லி'யை வைத்துச் சொன்னால் கூட வந்தவர்கள் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு வாக்கியத்திலும் இலக்கணப் பிழை இல்லை. இரண்டும் பாராட்டுதான். பிறகு ஏன் ஒன்று காதில் இடறுகிறது?

1973இல் இந்தக் கேள்வியை எழுப்பியவர் ராபின் லேகாஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர். 'லேங்குவேஜ் அண்ட் உமன்ஸ் பிளேஸ்' என்ற அவருடைய கட்டுரை இரண்டு ஆண்டு கழித்து அதே பெயரில் சிறிய நூலாகவும் வந்தது. ஆங்கிலத்தின் வியப்புப் பெயரடைகளை அவர் இரண்டு கூடையில் பிரித்துப் போட்டார். 'கிரேட்', 'டெரிஃபிக்', 'கூல்', 'நீட்' ஆகியவை ஆண் பெண் இருவருக்கும் பொது. 'அடோரபிள்', 'சார்மிங்', 'ஸ்வீட்', 'லவ்லி', 'டிவைன்' ஆகியவை பெண்கள் பேச்சுக்கு உரியவை. பெண் இரண்டு கூடையிலிருந்தும் எடுக்கலாம். ஆண் இரண்டாவதில் கை வைத்தால் அவன் ஆண்மையையே சந்தேகிப்பார்கள். ஆனால் பெண்ணுக்குக் கிடைத்த இந்தக் கூடுதல் சுதந்திரம் உண்மையில் ஒரு பொறி என்பதுதான் லேகாஃபின் வாதம். அலுவலகக் கூட்டத்தில் ஒரு யோசனையை 'டெரிஃபிக்' என்றால் அது உலகத்துக்குப் பயன்படும் யோசனை. 'டிவைன்' என்றால் அது சொல்பவளுக்கு மட்டும் இனிக்கிற சங்கதி, மற்றவர்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை.

லேகாஃப் தரவு எதையும் திரட்டவில்லை; தன் மொழியறிவையும் தன்னைச் சுற்றிக் கேட்ட பேச்சையும் வைத்தே எழுதினார். அதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் ஏராளம். அவர் பட்டியலும் பழசாகிவிட்டது. 'டிவைன்' இன்று பழைய சினிமா வசனம் போலக் கேட்கிறது. இங்கிலாந்தில் மீதிச் சில்லறையைக் கொடுக்கும் கடைக்காரர்கூட 'லவ்லி' என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஆனாலும் அந்த உருக்காலை எடுத்துக்காட்டு ஒன்றைச் சரியாகத் தொட்டது. நீளம், நிறம், எடை சொல்லும் பெயரடைகள் பொருளைப் பற்றிப் பேசுகின்றன. வியப்புப் பெயரடை பொருளைச் சுட்டுவதுபோலக் கையை நீட்டிவிட்டு, பேசுகிறவரைக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் இந்தச் சொற்கள் எங்கே நிற்கின்றன, எதோடு சேர்கின்றன, எதோடு சேர மறுக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

தரவு திரட்டும் வேலையை ஜோன் மேன்ஸும் நெஸா வுல்ஃப்சனும் செய்தார்கள். அமெரிக்கர்கள் அன்றாடம் ஒருவரை ஒருவர் பாராட்டிச் சொன்னவற்றில் 686ஐக் கேட்ட இடத்திலேயே குறித்துவைத்து, 1981இல் ஆய்வாக வெளியிட்டார்கள். பாராட்டு என்பது மனத்திலிருந்து அந்தந்த நேரத்தில் பொங்கி வருவது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த முடிவு கொஞ்சம் ஏமாற்றம். பாராட்டுகளில் எண்பது விழுக்காடு பெயரடையை நம்பியே இருந்தன. மொத்தம் 72 பெயரடைகள் பயன்பட்டிருந்தாலும் 'நைஸ்', 'குட்', 'பியூட்டிஃபுல்', 'பிரெட்டி', 'கிரேட்' என்ற ஐந்து மட்டும் மூன்றில் இரண்டு பங்கு வேலையைச் செய்தன. அதிலும் 'நைஸ்', 'குட்' இரண்டும் சேர்ந்தே நாற்பது விழுக்காட்டைத் தாண்டின. வாக்கிய அமைப்பிலும் இதே சிக்கனம். 'யுவர் ஷர்ட் லுக்ஸ் நைஸ்' என்ற வகை பாதிக்கு மேல். 'ஐ லைக் யுவர் ஷர்ட்' வகையும் 'தட்ஸ் எ நைஸ் ஷர்ட்' வகையும் அதற்கு அடுத்தவை. இந்த மூன்று அச்சுக்குள் 85 விழுக்காடு பாராட்டு அடங்கிவிட்டது.

இவ்வளவு பெரிய அகராதியை வைத்துக்கொண்டு ஏன் இந்தக் கஞ்சத்தனம்? ஆய்வாளர்களின் விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. 'நைஸ்', 'குட்' என்ற சொற்களுக்குள் சரக்கு குறைவு. அதனால்தான் அவை சட்டை, சாப்பாடு, கட்டுரை, குழந்தை என்று எதன் மேல் வைத்தாலும் ஒட்டிக்கொள்கின்றன. 'டெலிஷியஸ்' சட்டைக்குப் போகாது. பாராட்டின் நோக்கம் பொருளை மதிப்பிடுவது இல்லை, 'உன்னோடு இணக்கமாக இருக்கிறேன்' என்று தெரிவிப்பது. பேச்சின் எந்த இடத்தில் வந்து விழுந்தாலும் உடனே அடையாளம் தெரிய வேண்டும் என்றால் அச்சு மாறாமல் இருப்பதே வசதி. ஜேனட் ஹோம்ஸ் நியூசிலாந்தில் இதேபோல 484 பாராட்டுகளைத் திரட்டினார். கொடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பெண்கள். பாராட்டு பெண்களுக்குள்ளேயே அதிகம் கைமாறும் நாணயமாக இருந்திருக்கிறது.

வாங்கிக்கொள்கிறவர் பாடும் எளிதில்லை. ஒத்துக்கொண்டால் தற்பெருமை, மறுத்தால் சொன்னவரை மறுத்ததாக ஆகும் என்ற இக்கட்டை அனிதா பொமரான்ட்ஸ் 1978இலேயே விவரித்தார். "புடவை நல்லாருக்கே" என்றதும் "பழசுதான்க்கா, போன தீபாவளிக்கு எடுத்தது" என்று பதில் வருகிற ஊர்க்காரர்களுக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

இனி இலக்கணம். ஆங்கிலத்தில் 'வெரி குட்' சரி. 'வெரி எக்ஸலன்ட்', 'வெரி மார்வலஸ்', 'வெரி ஃபென்டாஸ்டிக்' உறுத்தும். 'குட்', 'நைஸ்', 'பிரெட்டி' ஆகியவை ஏணியின் நடுப்படிகள். அவற்றை 'வெரி' கொண்டு ஒரு படி ஏற்றலாம். 'எக்ஸலன்ட்' ஏற்கெனவே ஏணியின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே ஏற்ற இடமில்லை. 'நிச்சயமாக உச்சிதான்' என்று அடித்துச் சொல்ல மட்டுமே முடியும். அதற்குத்தான் 'ஆப்ஸலூட்லி', 'அட்டர்லி', 'சிம்ப்ளி' எல்லாம். தமிழில் இந்த வேலி கிடையாது. 'மிக நன்று' என்பதைப் போலவே 'மிக அற்புதம்' என்பதும் நமக்குச் சாதாரணம். 'வெரி எக்ஸலன்ட்' நம் ஊர் மேடைகளில் தாராளமாகப் புழங்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக வெட்கப்பட வேண்டாம். பிரிட்டிஷ் அரசர் 1917இல் தொடங்கிய விருது வரிசையின் முழுப் பெயரிலேயே 'மோஸ்ட் எக்ஸலன்ட்' இருக்கிறது. விதியை மீறும் உரிமை அரசருக்கு உண்டு போலும்.

'குவைட்' இன்னும் குசும்பான சொல். பிரிட்டிஷ்காரர் உங்கள் நாவலை 'குவைட் குட்' என்றால் 'பரவாயில்லை' என்று பொருள். 'குவைட் பிரில்லியன்ட்' என்றால் முழுக்க முழுக்க அபாரம். நடுப்படியில் நிற்கும் சொல்லை அது கீழே இழுக்கிறது, உச்சிச் சொல்லுக்கு முத்திரை குத்துகிறது. அமெரிக்கர் வாயில் 'குவைட் குட்' பெரும்பாலும் நிஜப் பாராட்டு. ஒரே மின்னஞ்சலை லண்டனில் ஒருவரும் சிகாகோவில் ஒருவரும் படித்தால் ஒருவர் முகம் வாடும், மற்றவர் முகம் மலரும். நம் 'பரவாயில்லை'யும் லேசுப்பட்டதில்லை. முதல் முறை வைத்த சாம்பாருக்கு மாமியார் சொல்லும் 'பரவாயில்லை'யும், மதிப்பெண் அட்டையைப் பார்த்து அப்பா சொல்லும் 'பரவாயில்லை'யும் ஒரே எடை உள்ளவை அல்ல.

வியப்பு வாக்கியத்துக்கு ஆங்கிலம் இரண்டு வாசல் வைத்திருக்கிறது. பெயர்ச்சொல் கூட வந்தால் 'வாட்', பெயரடை தனியே வந்தால் 'ஹவ்'. 'வாட் எ லவ்லி ஹவுஸ்', 'ஹவ் லவ்லி'. 'வாட் எ பியூட்டிஃபுல்!' என்று நிறுத்துகிறவர் தமிழில் யோசிக்கிறார். நமக்கு 'என்ன அழகு', 'எவ்வளவு அழகு' இரண்டுமே இயல்பு, ஏனென்றால் 'அழகு' இங்கே பெயர்ச்சொல்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடமும் இதே வேரிலிருந்து முளைத்தது. 'ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்' என்பதைத் தமிழில் சொன்னால் 'அவள் அழகாக இருக்கிறாள்'. 'அழகாக' நமக்கு வினையடை. ஆகவே ஆங்கிலத்திலும் 'லி' ஈறு சேர்த்து 'லுக்ஸ் பியூட்டிஃபுலி' என்று எழுதத் தோன்றுகிறது. இலக்கணம் கொஞ்சம் தெரிந்தவர்தான் இந்தப் பிழையைச் செய்வார் என்பது வேடிக்கை. ஆங்கிலத்தில் 'லுக்', 'டேஸ்ட்', 'ஸ்மெல்', 'சவுண்ட்' ஆகியவை இந்த வகை வாக்கியத்தில் செயலைக் குறிப்பதில்லை. எழுவாயையும் பெயரடையையும் இணைக்கும் பாலங்களாக மட்டுமே இருக்கின்றன. பாலத்துக்கு வினையடை எதற்கு? போதாக்குறைக்கு 'லவ்லி' என்ற சொல், 'லி' ஈற்றை மாட்டிக்கொண்டே பெயரடையாகத் திரிகிறது.

'அமேசிங்', 'அமேஸ்ட்' குழப்பத்தில் தமிழ் நமக்குக் கை கொடுக்க வேண்டும், கொடுப்பதில்லை. வியப்பூட்டும் காட்சி, வியந்த ஆள் என்று நாம் தெளிவாகப் பிரித்துத்தான் பேசுகிறோம். 'ஐ ஆம் அமேசிங்' என்பவர் 'நான் வியந்தேன்' என்று நினைத்துக்கொண்டு 'நான் வியத்தகு மனிதன்' என்கிறார். அடக்கமாகப் பேச வந்தவர் தம்பட்டம் அடித்துவிட்டுப் போகிறார்.

பெயரடைகள் வரிசையாக நிற்கும்போது வியப்புச் சொல்லுக்குத் தனி மரியாதை. ஆங்கிலத்தில் கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், செய்பொருள், பயன் என்று ஒரு வரிசை உண்டு. இதை மார்க் ஃபார்சித் 2013இல் வெளியிட்ட 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் எலக்வென்ஸ்' நூலில் ஒரு பத்தியில் எழுதினார். மூன்றாண்டு கழித்து அந்தப் பத்தி இணையத்தில் காட்டுத்தீயாகப் பரவியது. பிறந்ததிலிருந்து இந்த விதியைக் கடைப்பிடித்து வந்த ஆங்கிலேயர்கள், அப்படி ஒரு விதி இருப்பதை அன்றுதான் அறிந்து மலைத்தார்கள். எழுத்தாளர் டோல்கியனுக்கு அது சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. ஏழு வயதில் டிராகனைப் பற்றி அவர் எழுதிய கதையில் நிறத்தை முன்னாலும் அளவைப் பின்னாலும் வைத்துவிட்டார். அப்படிச் சொல்லக்கூடாது என்று அம்மா திருத்தினாராம். ஏன் கூடாது என்ற வியப்பு தனக்கு இன்னும் தீரவில்லை என்று 1955இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார்.

ஏன் என்பதற்கு ஒரு பதில் இந்த வரிசையிலேயே இருக்கிறது. பொருளோடு பிரிக்க முடியாமல் ஒட்டியது பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது. பார்ப்பவர் மனத்தில் மட்டும் இருப்பது எட்டி நிற்கிறது. 'லவ்லி பிரவுன் வுடன் பாக்ஸ்' என்பதில் மரம் பெட்டியின் உடம்பு, பழுப்பு அதன் தோல், 'லவ்லி' நம் கண். தமிழ் இதில் கெடுபிடி குறைவு. 'அழகான சின்ன மரப்பெட்டி', 'சின்ன அழகான மரப்பெட்டி' இரண்டும் நடக்கும். ஆனால் மரம் மட்டும் எங்கும் நகராது. பெட்டியோடு புணர்ந்து ஒரே சொல்லாகிவிடுகிறது.

இந்தச் சொற்களின் பூர்வீகத்துக்கு வருவோம். பெரும்பாலானவற்றுக்குக் குடும்பப் பின்னணி நன்றாக இல்லை. 'டெரிஃபிக்' என்றால் முதலில் 'கிலியூட்டும்'. மில்டன் 1667இல் வெளியிட்ட 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் அது பாம்பின் பிடரியை வருணிக்க வருகிறது. பாராட்டுச் சொல்லாக மாற அதற்கு இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 'அமேசிங்' திகைத்துத் தடுமாறுவதிலிருந்து வந்தது. வழி தெரியாமல் சுற்றவைக்கும் 'மேஸ்' என்ற சொல் அதன் உறவுக்காரர். 'ஃபேபுலஸ்' கட்டுக்கதையிலிருந்து. 'பிரெட்டி' பழைய ஆங்கிலத்தில் தந்திரக்காரரைக் குறித்தது. 'நைஸ்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'ஒன்றும் அறியாத' என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக 'முட்டாள்' என்று ஆங்கிலத்துக்குள் நுழைந்து, பிறகு 'நொறுநாட்டியம் பிடித்த', 'நுட்பமான' என்றெல்லாம் மாறி, பதினெட்டாம் நூற்றாண்டில் 'இனிமையான' ஆயிற்று. அந்தக் கடைசி மாற்றம் அப்போதே சிலருக்குப் பிடிக்கவில்லை. ஜேன் ஆஸ்டின் இறந்து ஐந்து மாதம் கழித்து, 1817 டிசம்பரில் வெளிவந்த 'நார்தாங்கர் அபி' நாவலில் ஹென்றி டில்னி, எதற்கெடுத்தாலும் 'நைஸ்' போடும் கேத்தரினைக் கிண்டல் செய்கிறார். நடுவில் வந்த 'நுட்பம்' என்ற பொருளுக்குப் பக்கத்து வீட்டில்தான் நம் 'நைஸ்' குடியிருக்கிறது: 'மாவை நைஸா அரை' என்கிறோம். 'நைஸா நழுவிட்டான்' என்கிறபோது 'பிரெட்டி'யின் பழைய தந்திரம் வந்து எட்டிப் பார்க்கிறது.

'ஆஃபுல்', 'ஆஸம்' இரண்டும் உடன்பிறப்புகள். 'ஆ' என்ற அவர்களுடைய தாய்ச்சொல் அச்சத்தைக் குறித்த பழைய நார்ஸ் மொழிச் சொல்லின் வழி வந்தது. கடவுள் முன் நிற்கும்போது உண்டாகும் நடுக்கம் அது. 'ஆஃபுல்' பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'மகா மோசம்' என்று கீழே இறங்கியது. 'ஆஸம்' இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'பிரமாதம்' என்று மேலே ஏறியது. 'டெரிபிள்', 'டெரிஃபிக்' கதையும் இதேதான். பக்கத்திலேயே 'ஹாரிஃபிக்' என்ற சொல் அதே அச்சில் வார்த்தும் ஏறாமல் நின்றுவிட்டது. சொற்கள் ஏறுவதற்கு விதி உண்டு என்று நம்புகிறவர்கள் அதைப் பார்த்து யோசிக்கலாம்.

அச்சத்திலிருந்து ஏன் புகழ்ச்சி? எட்மண்ட் பர்க் 1757இல் எழுதிய விசாரணை நூலில் இதற்கு விடை தேடலாம். அழகு வேறு, 'சப்ளைம்' என்ற மாண்பு வேறு என்று பிரித்த அவர், இரண்டாவதற்கு அடிப்படை அச்சமே என்றார். ஆபத்து நம்மைத் தொடாத தூரத்தில் இருந்தால் அந்த அச்சமே இன்பமாகிறது. தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்ற நியாயமில்லை. வருத்தும் தெய்வத்துக்கும் வருத்தும் அழகுக்கும் சங்க காலத்திலிருந்து நமக்கு 'அணங்கு' என்ற ஒரே சொல்தான். திருக்குறளின் காமத்துப்பால் தொடங்கும் அதிகாரத்தின் பெயரே தகையணங்குறுத்தல். தொல்காப்பியம் மருட்கை என்ற வியப்புக்கு நான்கு காரணம் சொல்கிறது. பெருமையோடு சிறுமையும், புதுமையோடு ஒன்று மற்றொன்றாக ஆவதும் அதில் அடக்கம். 'கிரேட்', 'க்யூட்' இரண்டுக்கும் அங்கே இடம் இருக்கிறது. இன்றைய பேச்சில் 'பயங்கர அழகு' என்கிறவரும் 'மரண மாஸ்' என்கிறவரும் 'ஆஸம்' நடந்த பாதையில்தான் நடக்கிறார்கள். 'பிரமாதம்' இன்னும் ஒரு படி மேல். சமஸ்கிருதத்தில் அதற்குக் கவனப்பிசகு, தவறு என்று பொருள். நாம் அதைக் கச்சேரிக்கும் காப்பிக்கும் கொடுக்கிறோம்.

ஓயாமல் புழங்கினால் சொல்லின் விளிம்பு தேயும். தேய்ந்ததும் புதிது தேட வேண்டியிருக்கிறது. கனடாவின் டொரன்டோவிலும் இங்கிலாந்தின் யார்க்கிலும் பதிவான உரையாடல்களை வைத்து சாலி டாக்லியமான்டி இந்தச் சுழற்சியை ஆராய்ந்திருக்கிறார். கடலின் இங்கிலாந்துக் கரையில் 'லவ்லி'க்கும் 'பிரில்லியன்ட்'டுக்கும் செல்வாக்கு. கனடாக் கரையில் 'கூல்', 'ஆஸம்'. ஒருவர் எந்தச் சொல்லால் வியக்கிறார் என்று கேட்டால் அவருடைய ஊரும் ஏறத்தாழ வயதும் தெரிந்துவிடும். வியக்கப்பட்ட பொருளைப் பற்றித் தெரிவது குறைவுதான்.

தேய்மானம் எங்கே நடக்கக்கூடாதோ அங்கேயும் நடக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் மூவர் 1974 முதல் 2014 வரை பப்மெட் தளத்தில் சேர்ந்த மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களில் 25 பாராட்டுச் சொற்களைத் தேடினார்கள். தொடக்க ஆண்டுகளில் நூற்றுக்கு இரண்டு சுருக்கங்களில் அவற்றில் ஒன்றாவது இருந்தது. 2014இல் அது 17.5 ஆயிற்று, ஏறத்தாழ ஒன்பது மடங்கு. 'ரோபஸ்ட்', 'நாவல்', 'இன்னொவேட்டிவ்', 'அன்பிரசிடென்டட்' ஆகியவை இதில் முன்னணிப் படை. அதே காலத்துப் பொதுநூல்களில் இப்படி ஒரு பாய்ச்சல் இல்லை. 2015 டிசம்பரில் பிஎம்ஜே இதழில் வந்த இந்த ஆய்வைப் படித்துவிட்டு, நாற்பது ஆண்டில் மருத்துவம் ஒன்பது மடங்கு அபாரமாகிவிட்டது என்று யாரும் நம்பப்போவதில்லை. இதழில் இடம் பிடிக்க வேண்டும், நிதி வாங்க வேண்டும். எழுதுகிறவரின் பதற்றம் பெயரடையாக வெளியே வருகிறது. லேகாஃபின் உருக்காலை இங்கே ஆய்வுக்கூடமாகியிருக்கிறது.

இந்தச் சொற்களை நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் மொழியியலாளர் அல்லாத ஒருவரும் உண்டு. ஈ. பி. வைட் 1952இல் எழுதிய 'சார்லட்ஸ் வெப்' என்ற குழந்தைகள் நாவலில், வெட்டுக்குப் போகவிருக்கும் பன்றிக்குட்டியைக் காப்பாற்ற ஒரு சிலந்தி தன் வலையில் பாராட்டுச் சொற்களைப் பின்னுகிறது. சொல் கிடைப்பதுதான் சிரமம். 'டெரிஃபிக்'கை ஒரு வாத்து சொல்லித் தருகிறது. ஓர் எலி குப்பைமேட்டிலிருந்து விளம்பரத் துண்டுகளைக் கவ்விக்கொண்டு வருகிறது. 'கிரன்ச்சி' கூடாது, அது தின்னத் தூண்டும் என்று சிலந்தி தள்ளிவிடுகிறது. சலவைத்தூள் அட்டையில் இருந்த 'ரேடியன்ட்' தேறுகிறது. மறுநாள் வலையைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. எல்லோரும் பன்றியைத்தான் வியக்கிறார்கள். எழுதிய சிலந்தியை அனேகமாக யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பன்றி மட்டும், வலையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப்போலத் தோன்ற வேண்டுமே என்று பாடுபடுகிறது.